வளையத்தில் பதிந்த பல்வரிசை

அன்பும் மதிப்பும் மிகுந்த மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் என் மகளும், அவள் வயிற்றிலிருக்கும் சின்னஞ்சிறுசும் குறையொன்றுமில்லாமல் இருக்க வேண்டும். உங்கள் நாய்க்குட்டி பொட்டலமும் சுகம். வேளைக்குச் சாப்பிடுகிறது, வேளை தவறித் தூங்குகிறது, இதை எழுதும்போது மேஜைக்கடியில் என் செருப்பு வாரோடு மல்லுக்கு நிற்கிறது. நாய்க்குட்டி சுகம் என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் பதறிப்போவார்கள் என்று சொன்னது உங்கள் அத்தைதான். மீதியை நானே என் கையால் எழுத வேண்டுமாம். அவள் ஒரு வார்த்தை சொல்லமாட்டாளாம்.

குட்டியை எங்களிடம் விட்டுவிட்டு நீங்கள் கிளம்பிய அன்று பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். அப்போது சமையலறையில் என் மகள் தன் அம்மாவிடம், "அப்பா முதல்ல இந்தக் குட்டியை மூணு வாரம் பார்த்துக்கட்டும்மா. அப்புறம் பாப்பாவை உங்ககிட்ட விட்டுட்டு நான் வேலைக்குப் போறதைப் பத்திப் பேசலாம்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போனேன், போன இடத்தில் கொஞ்சம் நின்றேன், அவ்வளவுதான். ரப்பர் பொருள் சோதனைக்கூடத்தில் முப்பத்துநாலு வருஷம் உட்கார்ந்து, பால்புட்டி ரப்பரிலிருந்து குழாய் வாஷர் வரைக்கும் இழுத்தும் அழுத்தியும் தேறும் தேறாது என்று எழுதியவன் நான். எனக்கே ஒரு தேர்வு வைக்கிறார்கள் என்றால், அதில் முதல் மதிப்பெண் வாங்காமல் விடுவதா என்று அன்றைக்கே மனசுக்குள் கச்சை கட்டிவிட்டேன்.

பொட்டலத்துக்குப் பல் விழுந்து முளைக்கிற வயது என்பது உங்களுக்குத் தெரியும். முதல் நாலு நாளில் நாற்காலிக் கால், அத்தையின் மூக்குக்கண்ணாடிக் கூடு, என் ஓய்வூதிய அலுவலகக் கடிதம் மூன்றும் அதன் வாய்க்குள் போய் வந்தன. கடிக்கிறதுக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்கள் என்றாள் அத்தை. செல்லப்பிராணிக் கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா பொறுமைசாலி. பொம்மைக்குக் கண், பொத்தான் எதுவும் ஒட்டியிருக்கக்கூடாது, கயிறு என்றால் நூல் பிரிந்து வயிற்றுக்குள் போகும், குட்டியின் வாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், நகத்தால் அழுத்தினால் லேசாகப் பதிய வேண்டும், பதியாத அளவுக்குக் கெட்டி என்றால் பல் உடைந்துவிடும் என்று வரிசையாகச் சொன்னார். எல்லாம் சரியான பேச்சு. நானும் தலையாட்டினேன். ஆனால் தொழில் புத்தி என்று ஒன்று இருக்கிறதே மாப்பிள்ளை. லேபிளை நம்பாதே, பொருளை நம்பு என்று எத்தனை புதுசுகளுக்குப் பாடம் எடுத்திருப்பேன். கடிக்கிற பொருளை நகத்தால் சோதிப்பது என்ன நியாயம் என்று தோன்றியது. அந்த அம்மா பக்கத்து ஆளுக்கு மீன்தொட்டி காட்டத் திரும்பியபோது, ஒரு ரப்பர் எலும்பை வாயில் வைத்து ஒரே ஒரு கடி கடித்துப் பார்த்தேன். அவர் திரும்பிவிட்டார். "ஐயா, அது நாய்க்கு" என்றார். தெரியும்மா என்றேன். வேறு என்ன சொல்ல முடியும். கடித்ததையும் சேர்த்து மூன்று பொருள் வாங்கிக்கொண்டு, தலை குனிந்து வெளியே வந்தேன்.

அத்தோடு புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்று சாயங்காலம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்றையும் கடைவாயில் வைத்து முறைப்படி சோதித்தேன். எலும்பு தேறியது. பந்து தேறியது. நீல வளையத்தைக் கடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது அத்தை கதவைத் தட்டி, உள்ளே யாரோடு சண்டை போடுகிறீர்கள் என்று கேட்டாள். பதற்றத்தில் எதையோ விழுங்கினேன். எச்சில் என்று நினைத்தேன். மேல்வரிசை கட்டுப்பல் அண்ணத்தை முழுசாக மூடியிருப்பதால் வாய்க்குள் என்ன நடக்கிறது என்பது இப்போதெல்லாம் எனக்கே சரியாகத் தெரிவதில்லை. கண்ணாடியை வேறு கழற்றி வைத்திருந்தேன்.

மறுநாள் காலை வளையத்தைப் பொட்டலத்திடம் கொடுத்தேன். கால்மணி நேரம் கழித்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், வளையத்தில் பட்டாணி அளவு ஒரு துண்டைக் காணோம்.  குட்டியின் வாயைத் திறந்து விரலை விட்டுத் தேடினேன். அது விளையாட்டென்று நினைத்து என் விரலை நக்கியது. தின்னிக்கழுதை என்று திட்டினேன். கால்நடை மருத்துவரிடம் வாடகை வண்டியில் போகும்போது அத்தையைப் பிடித்துக்கொண்டேன். நீதான் கவனிக்காமல் விட்டாய், உனக்கு எப்போதும் அடுப்பிலேதான் கண் என்றேன். அங்கே வாசலில், பூனைக்கூடையும் முயல்பெட்டியுமாக ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும்போதும் அதையே திரும்பச் சொன்னேன். அவள் மடியில் கிடந்த குட்டியின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். படம் எடுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், அப்புறம் அந்த வளையத்தை வாங்கி விளக்கடியில் பிடித்தார். "இது குட்டி கடிச்ச மாதிரி இல்லையே. அதுக்குப் பல்லு ஊசி ஊசியா இருக்கும். இது வரிசையா, வளைவா பதிஞ்சிருக்கு. வீட்டுல குழந்தை யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

நான் சுவரில் ஒட்டியிருந்த பூச்சி மருந்து விளம்பரத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

"இல்லம்மா, இனிமேதான் வரப்போகுது" என்றாள் உங்கள் அத்தை. "இப்போதைக்கு இவர்தான் இருக்கார்."

அதற்குமேல் என்னால் ஒளிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டைப் பார்க்கவே பாவமாக இருந்தது. "நான் மனுஷங்களுக்குப் பார்க்கறதில்லை ஐயா" என்று சொல்லி, மேலே நாயின் பாதம் அச்சடித்த தாளில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். நாலு தெரு தள்ளி நம் குடும்ப டாக்டரிடம் நீட்டினால், அங்கே சீட்டு வாங்கும் பெண் அதைச் சத்தமாகப் படித்தாள்: ரப்பர் துண்டு, விழுங்கியவர் உரிமையாளர். மூன்றாம் நாள் விஷயம் சுமுகமாக முடிந்தது, விவரம் வேண்டாம். பட்டாணித் துண்டு பிய்ந்து வரும் ரப்பர் தேறாத ரப்பர்தான், ஆகவே என் சோதனை சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது என்று அத்தையிடம் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது.

மாப்பிள்ளை, ரப்பரை விழுங்கியதில்கூட எனக்கு இவ்வளவு வெட்கமில்லை. தப்பைச் செய்துவிட்டு, வாயில்லாத குட்டி மேலேயும், வாய் திறக்காத அவள் மேலேயும் பழி போட்டேனே, அதுதான் தூங்கவிடாமல் அறுக்கிறது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சரி விடுங்க என்று சொல்லிவிட்டு, பழைய துவாலை ஒன்றை நனைத்து முடிச்சுப் போட்டு, குளிர்பெட்டியில் வைத்துப் பொட்டலத்திடம் கொடுத்தாள். அதைத்தான் கடிக்கிறது. வாங்கிய எலும்பையும் பந்தையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆகவே நான் தேர்வில் தோற்றுவிட்டேன் என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். பாப்பாவை உங்கள் தாயாரிடமே விடுங்கள். சம்பந்தியம்மா நிதானமானவர்கள். நான் வாரத்துக்கு ஒரு முறை வந்து தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகிறேன். சாப்பாட்டைத் தவிர எதையும் இனி வாயில் வைப்பதில்லை என்று அத்தையின் முன்னால் சத்தியமும் செய்துவிட்டேன்.

மகளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். சிரிக்க வைத்தால் வயிறு வலிக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், என்னைப் போன்ற மாமனாரையும் பொறுத்துக்கொள்ளும் மனசோடு நீண்ட காலம் வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மாமா

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்கப் போன வழியில் மருந்துக்கடையில், பல் முளைக்கும் குழந்தைகள் கடிக்கிற வளையம் ஒன்று கண்ணில் பட்டது. பாப்பாவுக்குப் பல் வர இன்னும் நாள் கிடக்கிறது, ஆனாலும் மனசு கேட்கவில்லை, வாங்கிக்கொண்டு கடிதத்தைப் போடாமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அளவு சரி, நகம் பதிகிறது, துண்டு எதுவும் வரவில்லை. வெந்நீரில் இரண்டு தடவை கழுவி வைத்திருக்கிறேன். ஏன் கழுவினேன் என்று மட்டும் அத்தையிடம் கேட்டுவிடாதீர்கள்.