மூச்சு விட வேண்டிய போத்தல்

பயந்தவன் எதையும் சும்மா விடமாட்டான்; திருத்தப் போய்த்தான் கெடுப்பான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நானே அதற்குச் சாட்சி.

தங்கை ஜெனிற்றாவுக்கு மூன்று சம்பந்தம் முறிந்து, நாலாவதாகப் பிரான்ஸ் மாப்பிள்ளை பேசியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்குச் சம்மதம் சொல்ல வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளையின் அப்பா அங்கே ஒரு திராட்சைத் தோட்டத்தில் இருபது வருடம் வேலை செய்தவர். வெள்ளவத்தையில் தங்கியிருந்தவர், அந்தத் தோட்டத்துச் சிவப்பு வைன் ஒரு போத்தலை முதல்நாளே என்னிடம் தந்தார்.

"தம்பி, நாங்கள் வாறதுக்கு ஒரு மணித்தியாலம் முந்தித் திறந்து வையுங்கோ. அது மூச்சு விடவேணும்."

ஞாயிறு அவர் சொன்னபடியே திறந்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அடியில் கறுப்பாக வண்டல்! ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன், வாழைப்பூத் துவர்ப்பு. பழுதான சாமானைக் குடித்து அவர்களுக்கு வயிற்றால் போனால் இந்தச் சம்பந்தமும் போகுமே! (பழைய வைனில் வண்டல் இருப்பது சகஜமாம். எனக்கு யார் சொன்னது?) வாசலுக்கும் குசினிக்குமாக ஏழெட்டுத் தரம் ஓடினேன்.

எனக்குத் தெரிந்த ஒரே வைன், நத்தார்ப் பண்டிகைக்கு அம்மா முந்திரிகை வத்தலில், அதுதான் காய்ந்த திராட்சையில், போடுவது. அந்த முறைப்படியே தேத்தண்ணீர்த் துணியில் வடித்து, ஒரு கோப்பை சீனியும் பத்துக் கிராம்பும் போட்டுக் கலக்கி, திரும்பப் போத்தலில் ஊற்றிவிட்டேன்.

வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கிளாசைச் சுழற்றி மூக்கருகே கொண்டுபோனார்.

"எங்கட தோட்டம் முழுக்கக் கூழாங்கல்லு. தண்ணி தேடி வேர் ஆழத்துக்குப் போகவேணும். கொடி கஷ்டப்பட்டாத்தான் பழம் ருசிக்கும்." மூச்சை இழுத்தார். "ஆகா! கிராம்பு வாசம் வருது, பாத்தீங்களோ? நல்ல வைனிலதான் இது வரும்!"

நான் பலமாகத் தலையாட்டினேன்.

ஒரு மிடறு குடித்தார். முகம் சுருங்கியது. நாக்கு நுனியிலிருந்து ஒரு முழுக் கிராம்பை எடுத்து உள்ளங்கையில் வைத்தார்.

"தம்பி, இது என்ன?"

"கிராம்பு, அங்கிள்."

"சீனியுமோ?"

"ஒரு கோப்பைதான், அங்கிள்."

ஜெனிற்றாவின் கண் கலங்கியது. நாலாவதும் போச்சு என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் அவருடைய மனைவி தன் கிளாசைக் காலி செய்துவிட்டு எனக்கு முன்னால் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் விடுங்கோ, தம்பி. இருபது வருஷமா இந்த மனுசன் கொண்டுவாற கசாயத்தைக் குடிக்கிறன். இண்டைக்குத்தான் வாயில வைக்கக்கூடியதா இருக்கு. எங்களுக்கு இந்த வீட்டுப் பிள்ளைதான் வேணும்!"

கல்யாணம் நடந்தது. இப்போது ஜெனிற்றா வீடியோ கோலில் தோட்டத்தைக் காட்டும்போதெல்லாம், பின்னாலிருந்து மாமனாரின் குரல் கேட்கும்:

"பிள்ளை, போனைக் கொடிக்குக் கிட்டக் கொண்டுபோகாதை. உன்ர அண்ணர் பாக்கிறார்!"