பஃபேயில் கோபித்துக்கொள்ள முடியாது, அக்கா

அன்பும் மரியாதையும் நிறைந்த மூத்த சகோதரி அவர்களுக்கு, தங்கள் பெரிய தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் இடுப்பு வலியும் சேமம். அங்கே தாங்களும் தங்கள் முழங்காலும் அவ்வண்ணமே இருக்க வேண்டுகிறேன். எழுத்து என்னுடையதல்ல, கீழ்வீட்டுத் தையல்காரருடையது. நான் சொன்னதை வெட்டவும் கூடாது, ஒட்டவும் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். தொழிலுக்கே விரோதம் என்றாலும் ஒத்துக்கொண்டார்.

நம் சின்னத் தம்பி மகளின் கல்யாண வரவேற்புக்குத் தாங்கள் சொன்னபடியே போனேன். சொன்னதில் ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. “நேர்ல வந்து கூப்பிடாம போன்ல கூப்பிட்டான்ல? நீ போய் அங்க நில்லு. ஒரு பருக்கை வாயில வைக்காத. அவன் பதறிட்டு வந்து ஏன்னு கேப்பான். அக்கா வந்து சொன்னாத்தான் சாப்பிடுவேன்னு சொல்லு. அப்புறம் பாரு, என் வாசலுக்கு ஓடி வருவான்.” நல்ல யோசனைதான். நம் பெரியப்பா மகள் கல்யாணத்தில் சித்தப்பா இலை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாரே, அப்போது பரிமாறுகிறவன் நின்றான், அவன் பின்னால் குழம்பு நின்றது, குழம்புக்குப் பின்னால் பந்தியே நின்றது. பெரியப்பா வந்து தாடையைப் பிடித்துக் கெஞ்சிய பிறகுதான் மனுஷர் சோற்றில் கை வைத்தார். அப்படி ஒரு கோபத்தை இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டுதான் நானும் போனேன்.

ஆனால் அக்கா, அங்கே இலையும் இல்லை, பந்தியும் இல்லை. ரயில் நிலையம் மாதிரி ஒரு கூடம். அதில் மேசையோடு மேசை கோத்து, கடைசி மேசை என் கண்ணுக்கு எட்டவில்லை. மேலே பளபளவென்று தொட்டிகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குட்டி நெருப்பு. மூடியைத் தொட்டால் தானே உருண்டு பின்னால் போகிறது, உள்ளிருந்து ஆவி எழுந்து முகத்தைத் தடவுகிறது. பிரியாணி ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம், முந்திரி அரைத்த குழம்பில் பன்னீர் தாமரை மொட்டுப்போல மிதக்கிறது. ஒருவன் மண் அடுப்பின் வயிற்றுக்குள் கையை விட்டு மாவை அறைந்துவிட்டு, கண் மூடித் திறப்பதற்குள் பிரசவம் பார்க்கிறவளைப்போல உப்பின நாண் ரொட்டியை வெளியே எடுக்கிறான். ஜிலேபிக்காரர் கொதிக்கிற எண்ணெயில் எழுதுகிறார். எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் அந்த எழுத்து எனக்குப் புரிந்தது. எத்தனை கல்யாணம் பார்த்திருக்கிறோம், எதில் உப்புக் குறைந்தது என்றுகூட இன்றைக்கும் சொல்வேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வாயைத் திறந்தபடி நின்றுவிட்டேன்.

பிறகுதான் வந்த வேலை ஞாபகம் வந்தது. முகத்தை இறுக்கி, கையைக் கட்டிக்கொண்டு பன்னீர் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. ஊரே தட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது. அவனவன் தட்டை நீட்டி வாங்குகிறான், அவனவன் தின்கிறான். சாப்பிடு என்று சொல்ல ஆள் இருந்தால்தானே மாட்டேன் என்று சொல்ல முடியும்? கால் மரத்ததுதான் மிச்சம். இதில் வெள்ளை வேட்டி சட்டையோடு விறைத்துக்கொண்டு நின்றதால் சமையல் கம்பெனியின் மேஸ்திரி என்று நினைத்துவிட்டார்கள். ஒரு பெண் இடுப்புக் குழந்தையோடு வந்து, “பெரியவரே, இது காரமா இருக்குமா?” என்றாள். கோபத்தில் இருக்கிறேன், கேட்காதே என்றா சொல்வது? “காரம் இருக்காதும்மா, நிறத்தைப் பாரு” என்றேன். அந்த நேரம் பரிமாறுகிற ஆள் அணைந்த அடுப்பைப் பார்க்கக் குனிந்தான். வரிசை நின்றுவிட்டது. கரண்டி என் கைக்குக் கிட்டே இருந்தது. அவ்வளவுதான் அக்கா, என் கை என் பேச்சைக் கேட்கவில்லை.

கழுத்தில் டை கட்டின ஒருவர் ஒரு துண்டு விழுந்ததும் “போதும்” என்றார். “கல்யாண வீட்ல என்ன போதும்? பிடிங்க.” “நான் டயட்ல இருக்கேங்க.” “அதை நாளைக்கு இருங்க.” சிரித்துக்கொண்டே தட்டை நீட்டினார். நிமிர்ந்த பரிமாறுகிறவன் என்னை ஏற இறங்கப் பார்த்து, “ஐயா, நீங்க எந்தக் கம்பெனி?” என்றான். “பொண்ணுக்குப் பெரியப்பா” என்றேன். “அப்ப நீங்கதான் முதலாளி, நில்லுங்க” என்று ஏப்ரனை அவிழ்த்து என் இடுப்பில் கட்டிவிட்டான். அந்தக் கூடத்திலேயே நீளமான வரிசை என் தொட்டிக்குத்தான்.

அப்போதுதான் தம்பி வந்தான். கோட்டும் சூட்டுமாக வந்தவன் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். “அண்ணே, நீ பரிமாறுறியா?” என்றான். “அக்கா அனுப்புச்சா?”

தாங்கள் சொல்லிக்கொடுத்த வசனம் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவன் கண் கலங்கிவிட்டது அக்கா, அதை மறைக்கக் குனிந்ததில் அவன் டை பன்னீருக்குள் போய்விட்டது. “ஆமாண்டா,” என்றேன், “அக்காதான் போய் நில்லுன்னு சொல்லுச்சு.” பொய்யில்லையே. சாப்பிடாதே என்கிற மறுபாதியைத்தான் விழுங்கிவிட்டேன். “நான் நேர்ல வந்து கூப்பிட்டிருக்கணும்ணே. வந்தா மாப்பிள்ளையைப் பத்தி அக்கா நாலு கேள்வி கேக்கும். எனக்கு ஒண்ணுக்கும் பதில் தெரியாது. பயந்துட்டேன்,” என்றான். அப்புறம் கேட்டான்: “நீ சாப்பிட்டியா?”

எதற்காக அவ்வளவு நேரம் காத்திருந்தேனோ அந்தக் கேள்வி. என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? “வந்தவங்க முதல்ல சாப்பிடட்டும்டா. நாம வீட்டுக்காரங்க, கடைசியில பாத்துக்கலாம்.”

கூட்டம் கலைந்ததும் அவனே என்னை உட்காரவைத்துத் தட்டில் போட்டான். சாப்பிட்டேன், அக்கா. ஒளிக்கவில்லை. அந்தக் குலோப்ஜாமூனைக் கடிக்கவே வேண்டியதில்லை, நினைத்தாலே உடைகிறது.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு உன்னிடம் வருகிறான். கதவைச் சாத்திவிடாதே. நீ சொன்ன மறுபாதி அவனுக்குத் தெரியாது, சாகும்வரை தெரியவும் வேண்டாம். உனக்கும் எனக்கும் தையல்காரருக்கும் உள்ளே இருக்கட்டும். மற்றபடி, கன்றுக்குட்டி முதல் கடைக்குட்டி வரை அங்குள்ள எல்லாருக்கும் என் ஆசி. உன் காலுக்கு என் வணக்கம், வலிக்கிற காலுக்கு இரண்டு.

இப்படிக்கு, உன் பெரிய தம்பி.

பின்குறிப்பு: தபாலில் போட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேராது என்கிறார் தையல்காரர். ஆகையால் உறையை நன்றாக ஒட்டி தம்பி கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். உனக்கும் எழுத்துக்கூட்டத் தெரியாது. நம் இரண்டு பேர் படிப்பையும் சேர்த்து அவனைத்தானே படிக்க வைத்தாய், அவனே உரக்க வாசித்துக் காட்டுவான். தையல்காரர் பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்க்கிறார். எழுதுமய்யா என்றேன். தம்பி, இந்த வரி வரைக்கும் வாசித்துவிட்டாய் என்றால், அக்கா உன்னை நடுவில் எழுப்பி அனுப்பவில்லை என்று அர்த்தம். மிச்சத்தை நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள்.