பாந்த்ரா கடலில் பூட்டிய சைக்கிள்

கல்யாணத்துக்காக நான் ஒரே ஒரு பொய்தான் சொன்னேன். ‘பம்பாயில் எங்கள் வீடு கடலுக்குப் பக்கத்தில்’ என்று பெண் வீட்டுக்கு எழுதிப் போட்டேன். (வயது, வேலை எல்லாம் சத்தியமான உண்மை. உயரத்தில் மட்டும் ஓர் அங்குலம் கூடுதல்.)

தாராவியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது மாஹிம் கழி. கடல்தான், ஆனால் ஊரின் அழுக்கையெல்லாம் வாங்கிக்கொண்டு கறுத்துப் போன கடல். கார்த்திகை மாதம் வந்து இறங்கிய என் மனைவி பேச்சியம்மாளை, வந்த அன்றே கூட்டிப்போய்க் காட்டினேன். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “கடலுக்குப் பக்கம்னு எழுதினியளே, இதானா?” என்று கேட்டாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் இரண்டு மாதம் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

தைப்பொங்கலுக்கு அவளுடைய அண்ணன் சுடலைமுத்து தலைப்பொங்கல் சீரோடு தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தார். வெண்கலப் பானையை இறக்கி வைத்தவர், தங்கச்சி முகத்தைப் பார்த்தார். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“மாப்ளே, அமாவாசைக்கு மறுநாள் ரயிலு. இவளையும் கூட்டிட்டுப் போறேன். ஒரு ஆறு மாசம் ஊர்ல இருக்கட்டும்.”

ஆறு மாதம் என்றால் ஆடி வரும். ஆடிக்குப் புதுப்பெண்ணை அனுப்பமாட்டார்கள். பிறகு ஆவணியில் யாராவது ஏதாவது சொல்வார்கள். அவளை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது, அதை அவளிடம் சொல்லத்தான் தெரியவில்லை. அதனால், “தை அமாவாசைக்கு நிஜக் கடலுக்கே கூட்டிட்டுப் போறேன் மச்சான்” என்றேன்.

வாடகைக் கடையில் இரண்டு சைக்கிள் எடுத்தேன். இருட்டு பிரியும் நேரத்தில் கிளம்பினோம். என் சைக்கிள் கேரியரில் பேச்சி, அவள் மடியில் புளியோதரைத் தூக்கு. பின்னால் மச்சான், மணியடித்துக்கொண்டே வந்தார். (பிரேக்குக்கும் மணிதான்.) மாஹிம் பாலத்தைத் தாண்டி பாந்த்ரா கடற்கரைக்குப் போனபோது நன்றாக விடிந்திருந்தது.

அங்கே மணல் குறைவு. கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்புக் கறுப்பாய்ப் பாறை, அதற்கும் அப்பால், வெகு தூரத்தில், கடல் சாதுவாகப் படுத்திருந்தது. நான் அங்கே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

“இதெல்லாம் சாதாரணக் கல்லு இல்ல பேச்சி. எரிமலை கக்குன கல்லு” என்றேன். இது எங்கள் ஒர்க்ஷாப் மேஸ்திரி சொன்னது. அவர் சொன்னதில் ‘எத்தனையோ கோடி வருஷத்துக்கு முன்னாடி’ என்ற பகுதியை நான் விட்டுவிட்டேன்.

மச்சான் ஒரு காலைத் தூக்கிக்கொண்டார். “எரிமலையா? எங்க இருக்கு?”

பின்னால் இருந்த குன்றை அலட்சியமாகக் காட்டினேன். “அதா, அதுதான்.”

“இப்ப வெடிக்குமா?”

“சொல்ல முடியாது மச்சான்” என்றேன், அந்த மலைக்கே நான்தான் பொறுப்பு என்பதுபோல.

பாதி தூரத்தில் உயரமாய் ஒரு பாறை இருந்தது. திருட்டுப் பயம். இரண்டு சைக்கிளையும் அதன் மேல் ஏற்றி, சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைத்துப் பூட்டினேன். பக்கத்தில் ஒரு கோலி மீனவப் பெண்பிள்ளை பாறையில் ஒட்டியிருந்த சிப்பிகளை இரும்புக் கொக்கியால் பெயர்த்துக்கொண்டிருந்தாள். அவள் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டி, “அரே பாபா, ஆஜ் அமாவாஸ்யா ஹை!” என்று கத்தினாள்.

“ஹா, ஹா! பஹுத் அச்சா தின்!” என்று, ‘ஆமாம், ரொம்ப நல்ல நாள்’ என்ற அர்த்தத்தில், நானும் கத்தினேன்.

அவள் தலையில் அடித்துக்கொண்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு கரையேறிவிட்டாள்.

“என்ன சொல்லுதா?” என்றார் மச்சான்.

“மராட்டிக்காரங்களுக்கு அமாவாசைன்னா ஆகாது. நமக்குத்தான் நெறஞ்ச நாளு. பாவம், வெவரம் பத்தாது” என்று விளக்கினேன்.

எனக்குத் தெரிந்த ஒரே கடல் திருச்செந்தூர்க் கடல். காலையில் எங்கே இருக்கிறதோ சாயங்காலமும் அங்கேயே இருக்கும் மரியாதையான கடல். பம்பாய்க் கடல் காலையில் வெளியூர் போய்விட்டு மத்தியானம் திரும்பி வரும் என்றும், அமாவாசையன்று மூன்று ஆள் உயரம் ஏறும் என்றும் ஆறு வருஷமாக அந்த ஊரிலேயே இருந்த எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. (சொல்ல வந்தவளைத்தான் அனுப்பிவிட்டேனே.)

கடலில் முங்கினோம். மச்சான் செத்துப்போன தன் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டார். கரைக்கு வந்து பனைமரத்து நிழலில் புளியோதரையைப் பிரித்தோம். மூன்று பேரும் கடலுக்கு முதுகைக் காட்டி, குன்றைப் பார்த்து உட்கார்ந்தோம். மச்சானின் ஏற்பாடு அது. புகை வந்தால் ஓடுவதற்குத் தோதாக வேண்டுமாம். எரிமலைக்குப் பயந்து ஒரு வாய் சாப்பிடுவதும் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பதுமாக இரண்டு மணி நேரம் போனது.

கை கழுவத் திரும்பிய மச்சான் அப்படியே நின்றுவிட்டார்.

“ஏ மாப்ளே, சைக்கிள எங்க வே?”

பாறைகளைக் காணவில்லை. கடல் எங்கள் காலடிக்குப் பக்கத்தில் இருந்தது. நடுவில் இரண்டு ஹாண்டில்பார், இரண்டு சீட்டு, ஒரு மணி மட்டும் தெரிந்தன.

வீரமாக இறங்கினேன். இரண்டாவது அடியில் பாசி வழுக்கி, சிப்பி ஒட்டிய பாறையின் மேல் தொப்பென்று உட்கார்ந்தேன். எழுந்தபோது என் கல்யாணப் பேண்ட்டின் பின்பக்கம் அங்கேயே தங்கிவிட்டது. இரண்டு கையாலும் பின்னால் பொத்திக்கொண்டு கரைக்கு வந்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பேச்சி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, பனைமரத்தில் சாய்ந்து சிரித்தாள். எனக்கு அவமானத்தையும் மீறி அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பிறகு சேலையை வரிந்து கட்டிக்கொண்டாள். “கெணத்துல நீந்துனவளுக்கு இது என்ன” என்று இறங்கினாள். மார்பளவு தண்ணீர். “சாவி?” என்று அங்கிருந்து கேட்டாள்.

“பூட்டுலயே இருக்கு” என்றேன். (தொலைந்துவிடும் என்று அதிலேயே விட்டிருந்தேன். பூட்டியதன் நோக்கம் என்ன என்று இன்றுவரை என்னை விசாரிக்கிறார்கள்.)

முந்தானையைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்தாள். அதன்மேல் ஒரு சைக்கிளை ஏற்றினாள். அரபிக்கடலிலிருந்து, ஒற்றைக் கையால் பிடித்தபடி, விறகுக்கட்டு சுமந்து வருகிறவள் நிதானத்தோடு நடந்து வந்தாள். இறக்கி வைத்துவிட்டு, மறுபடி போய் இரண்டாவதையும் கொண்டுவந்தாள். நான் இடுப்பில் துண்டோடு, காலித் தூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும் வழியில் டபுள்ஸ் போனதற்காக ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். துண்டு கட்டிய என்னையும், விபூதி வழிந்த மச்சானையும், தலையில் கடற்பாசியோடு சிரித்துக்கொண்டிருந்த பேச்சியையும் பார்த்தார். “ஜாவ், ஜாவ்” என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மச்சான் தங்கச்சியிடம், “துணியெல்லாம் எடுத்து வை, நாளைக்கு ரயிலு” என்றார்.

“நான் வரல அண்ணே” என்றாள் பேச்சி. “இவுகளத் தனியா விட்டுட்டுப் போனா கடலு கொண்டு போயிரும்.”

மச்சான் மறுநாள் தனியாக ரயிலேறினார்.

அப்புறம் செம்பூரில் மூன்றாவது மாடிக்குக் குடிவந்தோம். கீழே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மேலே ஏறி வந்தால், “தண்ணி ஏறாத எடமாப் பாத்து விட்டியளா?” என்று பேச்சி கேட்பாள். பிள்ளைகளும் அதையே கேட்டு வளர்ந்தார்கள்.

மகனுக்குப் பெண் பார்க்கப் போனபோது மச்சானும் ஊரிலிருந்து வந்திருந்தார். பெண்ணின் அப்பா மரியாதையாக என்னிடம், “ஒங்க வீடு எங்க இருக்கு?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சி முந்திக்கொண்டாள்.

“கடலுக்குப் பக்கத்துல இல்ல. அத மொதல்லயே சொல்லிப்புடுதேன்.”

அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மச்சான்தான் காப்பி புரையேறி வாசலுக்கு ஓடினார்.