பெல்ட் சார் வாய் மூடிய மாதம்

நாற்பது வயதைத் தாண்டியபின் கராத்தே வகுப்பில் சேர்ந்த ஒருவரை நீங்கள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அவரே உங்களைத் தேடி வந்துவிடுவார். பேருந்து நிறுத்தத்தில், பல் டாக்டரின் வெளி அறையில், மொட்டை மாடியில் துணி காயப்போடும் இடத்தில், ஏன், துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட, நீங்கள் அசந்துபோய் "உடம்பெல்லாம் ஒரே அசதியா இருக்கு" என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டால் போதும், எங்கிருந்தோ முதுகை நிமிர்த்திக்கொண்டு வந்து நிற்பார். சொல்லத் தொடங்குவார். இந்த இனத்தில் யாரும் எதையும் சொல்லி முடித்ததாக வரலாறு இல்லை.

ஆளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நாற்காலியில் சாய மாட்டார். மூச்சு விடுவதைக்கூடப் பக்கத்து மேசைக்குக் கேட்கும்படி விடுவார். கதவைத் திறக்கும்போது, உள்ளே யாரோ தாக்கக் காத்திருப்பதாக நினைத்து ஒரு காலைப் பின்னால் வைத்துக்கொள்வார். உள்ளே இருப்பது பெரும்பாலும் பழைய நாற்காலிகளும் தூங்கிவழியும் ஒரு டைப்பிஸ்ட்டும்தான். பேனா கீழே விழுந்தால் குனிய மாட்டார். முட்டியை மடக்கி, முதுகு வளையாமல் இறங்கி, எடுத்து, எழுந்து, நீங்கள் பார்த்தீர்களா என்று பார்ப்பார். பார்க்கவில்லை என்றால் பேனா மறுபடியும் விழும்.

இந்த இனத்தில் நமக்கு வாய்த்தவர், லிஃப்ட் விற்றுப் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியில் புகார்ப் பிரிவைக் கவனிப்பவர். தொப்பையைக் குறைக்க டாக்டர் நடக்கத்தான் சொன்னார். இவரும் நடந்து பார்த்தார். ஆனால் நடக்கிற மனிதனை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? ஆகவே டயர் கடை மாடியில் நடக்கும் பெரியவர்களுக்கான கராத்தே வகுப்பில் போய்ச் சேர்ந்தார். வெள்ளை பெல்ட் மஞ்சளாக மாறிய நாளில், சர்க்கரை கெடுதல் என்பதால் இனிப்புக்குப் பதிலாக நறுக்கிய வெள்ளரிக்காயை டப்பாவில் போட்டு எடுத்துவந்து அலுவலகம் முழுக்க விநியோகித்தார். அன்றிலிருந்து அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் போய், பெல்ட் சார் என்று ஆனது.

உள்ளதை மறைக்கக் கூடாது. பலன் இருந்தது. ஷூ நாடாவைக் கட்ட மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்த மனிதர், இப்போது பேசிக்கொண்டே கட்டினார். தரையில் உட்கார்ந்தால் யாராவது கை கொடுக்கும்வரை உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது தானே எழுந்தார். முன்பெல்லாம் ஒரு காதில் புகார், கண்ணில் கைபேசி, கையில் டீ என்று மூன்று வேலையையும் சேர்த்துக் கெடுத்துக்கொண்டிருந்தவர், போன் வந்தால் போனை மட்டும் கேட்கக் கற்றிருந்தார். வகுப்பில் வரிசையாக அடியும் தடுப்பும் செய்துகொண்டு போகும்போது சில நிமிடம் மனத்தில் அலுவலகமும் இல்லை, வீட்டுக் கடனும் இல்லை; அடுத்து எந்தக் கால் என்பது மட்டும்தான் இருந்தது. அந்தச் சில நிமிடத்துக்காகவே அவர் அந்த மாடியை நேசித்தார்.

எல்லாம் குறைந்தது. வாய் மட்டும் குறையவில்லை.

"சார், எங்க பில்டிங் லிஃப்ட் காலையிலேர்ந்து வேலை செய்யல," என்று ஒரு வாடிக்கையாளர் போன் செய்வார்.

"எத்தனையாவது மாடி சார் நீங்க?"

"மூணு."

"மூணுதானே? ஏறிப் பாருங்க சார். நான் தினமும் அஞ்சு மாடி ஏறுறேன். ஏறும்போது மூச்சை எண்ணுங்க. மனசு அப்படியே ஒரு இடத்துல நிக்கும்."

"மனசு நிக்கட்டும் சார், லிஃப்ட் நின்னுபோச்சேன்னுதான் போன் பண்ணேன்."

இப்படி நாலைந்து பேர் மேலே எழுதிப் போட்டபின், மேனேஜர் கூப்பிட்டு உட்காரவைத்தார். "நாம விக்கிறது லிஃப்ட்டுங்க," என்றார். "அதை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க." பெல்ட் சார் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, மேனேஜர் கழுத்தைத் தேய்ப்பதைக் கவனித்து, நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் அப்படித்தான் வலிக்கும், இதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது என்று ஆரம்பித்தார்.

வினை வந்தது வேறு வழியில். வகுப்பை நடத்துபவர் முப்பது வயதுப் பெண். பகலில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஆகவே யார் எந்தத் திருப்பத்தில் தடுமாறுவார் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். ஒருநாள் மேலே வகுப்பு தொடங்கி எல்லோரும் கத்திக்கொண்டே குத்துவிடும் சத்தம் தெருவரை கேட்கிறது. கீழே டயர் கடைக்காரரை ஒரு டயருக்கும் இன்னொரு டயருக்கும் நடுவில் மடக்கி நிறுத்தி, பெல்ட் சார் பேசிக்கொண்டிருக்கிறார்.

"சுத்தி என்ன நடந்தாலும் கவனம் சிதறக் கூடாது அண்ணே. அதுதான் இந்தக் கலை."

"சார், மேல கிளாஸ் ஆரம்பிச்சுட்டாங்க போலிருக்கே."

"இருக்கட்டும் அண்ணே. கவனத்தைப் பத்திச் சொல்லிட்டிருக்கேன், நீங்க மேல பாக்குறீங்க."

மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று மாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தார். வகுப்பு முடிந்தபின் தனியாகக் கூப்பிட்டார். அடுத்த மாதக் கடைசி ஞாயிறு ஆரஞ்சு பெல்ட்டுக்குத் தேர்வு. "உங்களுக்குக் காலும் கையும் பரவாயில்ல சார்," என்றார். "அதனால உங்களுக்கு மட்டும் தனியா ஒரு பயிற்சி. தேர்வு வரைக்கும் கராத்தே பத்தி வெளியில யாருகிட்டயும் பேசக் கூடாது. தேர்வு அன்னிக்குக் கேப்பேன். பேசியிருந்தா தேர்வு கிடையாது, வரிசையில கடைசிக்குப் போயிடணும். சரியா?"

"சரி மாஸ்டர்," என்று குனிந்து வணங்கினார் பெல்ட் சார். இதென்ன பெரிய விஷயம் என்று நினைத்தார். பாவம்.

கேலியைக் கொஞ்சம் ஓரமாக வைக்கலாம். அந்த ஆரஞ்சுத் துணி அவருக்கு வேண்டியிருந்தது. படிப்பு முடிந்ததிலிருந்து அவர் எதிலும் தேறியதில்லை, ஏனென்றால் அவரை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. பதவி உயர்வு வந்தது. முன்னால் இருந்தவர் ஓய்வு பெற்றதால் வந்தது. வீடு வந்தது, மாமனார் பார்த்துப் பேசி முடித்ததால் வந்தது. தானே வியர்த்து, விழுந்து, முட்டி வீங்கி வாங்கிய ஒரே பொருள் பீரோவில் மடித்து வைத்திருந்த அந்த மஞ்சள் பெல்ட். அடுத்ததையும் வாங்கிவிட்டால், முதலாவது குருட்டு அதிர்ஷ்டம் இல்லை என்று ஆகிவிடும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆச்சரியம்தான்.

அன்று இரவே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி 'வெளியில்' சேர்த்தி இல்லை என்று அவராகவே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

முதல் வாரம் எதிரிகள் யாருமில்லை. இரண்டாவது வாரம்தான் அவருடைய மௌனத்தை உலகம் கவனித்தது. மதியச் சாப்பாட்டு மேசையில் ரிசப்ஷனிஸ்ட் கேட்டார்: "என்ன சார், கராத்தேவை விட்டாச்சா? சத்தத்தையே காணோம்."

பெல்ட் சாரின் வாயில் சப்பாத்தி அப்படியே நின்றது. இல்லை, போய்க்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொன்னால் அது பேசியதாகிவிடும். ஆமாம் என்று சொன்னால் பொய், அதுவும் கேவலமான பொய். அவர் மெல்ல மென்று விழுங்கி, எல்லோரும் தன்னைப் பார்க்கும்வரை காத்திருந்து, "அதைப் பத்தி நான் பேசக் கூடாது," என்றார்.

"ஏன் சார்?"

"ஏன்னும் சொல்லக் கூடாது."

அவ்வளவுதான். சாப்பாட்டு மேசையில் இதுவரை கிடைக்காத ஒன்று அன்று அவருக்குக் கிடைத்தது: எல்லோரும் கேட்டார்கள். கராத்தேயைப் பற்றி மாதக்கணக்கில் பேசியபோது கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தவர்கள், அவர் பேச மறுத்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார்கள். அந்த ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பி வந்தான். அவன் சைக்கிள் ஓட்டுகிறவன். அதாவது சைக்கிள் ஓட்டுவதைப் பற்றிப் பேசுகிறவன். "எனக்கு அப்பவே தெரியும் மாமா," என்றான், கைகழுவிக்கொண்டே. "மூணு மாசம்தான் தாங்கும்னு அக்காகிட்டயே சொன்னேன். விட்டுட்டீங்கல்ல?"

எந்த மனிதன்தான் பொறுப்பான்? அதுவும் மச்சினனிடம்? பெல்ட் சாரின் காது சிவந்தது. ஆனாலும் மூச்சை இழுத்து விட்டு, "எனக்குன்னு ஒரு கட்டுப்பாடு போட்டிருக்காங்க மாப்பிள்ளை," என்றார். "இந்த மாசம் பூரா வாயைத் திறக்கக் கூடாது. எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியாது. எல்லாராலயும் முடியாது. கடைசி ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு டயர் கடை மாடிக்கு வா. நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீயே பாத்துக்கோ."

அவன் போனதும் மனைவி சொன்னார்: "ஏங்க, சொல்லக் கூடாதுன்னா, சொல்லக் கூடாதுன்னு சொல்றதும் சொல்றதுதாங்க."

"உனக்குப் புரியாது. நான் கராத்தேங்கிற வார்த்தையையே எடுக்கல."

உண்மைதான். அந்த வார்த்தையை அவர் எடுக்கவே இல்லை. அதை எடுக்காமலே மேனேஜரிடம் கால் மணி நேரம் பேசினார். லிஃப்ட் கெட்டுப்போன வாடிக்கையாளரிடம், தான் பேசாமல் இருக்கும் விஷயத்தால் மனம் எவ்வளவு கூர்மையாகியிருக்கிறது என்று விளக்கினார். டயர் கடைக்காரரிடம் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, எதற்காக வைத்தேன் தெரியுமா என்று கேட்டார். முடி வெட்டுகிறவர், பல் டாக்டரின் உதவியாளர், எதிர்வீட்டு ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் என்று அவருடைய மௌனத்தைக் கேட்காத ஆள் அந்தப் பக்கத்தில் பாக்கி இல்லை. பேச்சு முடியும்போது எல்லோருக்கும் அந்த ஏழு மணி அழைப்பும் போனது.

கடைசி ஞாயிறு வந்தது. பத்துப் பேர் வெள்ளை உடுப்பில் வரிசையாக நின்றார்கள். பெல்ட் சார் இரண்டாவது. உடுப்பு இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. மாஸ்டர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்து அவர்முன் நின்றார்.

"நான் சொன்ன பயிற்சி என்னாச்சு சார்? யாருகிட்டயாவது பேசினீங்களா?"

"ஒருத்தர்கிட்டயும் பேசல மாஸ்டர்."

பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. நெஞ்சில் கைவைத்துச் சொல்லியிருப்பார். மாஸ்டர் திரும்பிச் சுவர் ஓரத்தைப் பார்த்தார். மற்றவர்களுக்காக ஒரு கணவர், ஒரு தங்கை என்று வந்திருந்தார்கள். மீதிச் சுவர் முழுக்க, ரிசப்ஷனிஸ்ட், கழுத்தைத் தேய்த்துக்கொண்டு மேனேஜர், சைக்கிள் தலைக்கவசத்தோடு மச்சினன், போஸ்ட் மாஸ்டர், முடி வெட்டுகிறவர், போனில் மட்டும் பேசியிருந்த அந்த மூன்றாவது மாடி வாடிக்கையாளர். மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவங்கல்லாம் யாரு சார்?"

வாசலோரம் நின்ற டயர் கடைக்காரர்தான் மனது கேட்காமல் உதவிக்கு வந்தார். "எங்களுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. சார் எதையும் சொல்லவே இல்ல. சொல்ல மாட்டேன்னு தினமும் சொன்னாரு, அவ்வளவுதான்."

யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. "வரிசையில கடைசிக்குப் போங்க சார்," என்றார், கோபமே இல்லாமல்.

ஏதாவது விளக்கம் சொல்லலாம். வார்த்தைகள் தொண்டைவரை வந்து வரிசையில் நின்றன. அவர் குனிந்து வணங்கிவிட்டு, மச்சினன் முன்னால், மேனேஜர் முன்னால், செருப்புகள் குவிந்த மூலைவரை நடந்தார். அவமானம் என்றால் அவமானம்தான், கண் எரிந்தது. தேர்வு தொடங்கியதும் எல்லோர் பார்வையும் வரிசையின் முன்பக்கம் போனது. பெல்ட் சாரை யாரும் பார்க்கவில்லை. யாரும் பார்க்காத அந்த மூலையில், செருப்புகளை மிதிக்காமல், அவர் அடியும் தடுப்புமாக அத்தனையையும் ஒரு பிசகில்லாமல் செய்து முடித்தார். சேர்ந்த நாளிலிருந்து அவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை. மனைவி மட்டும் ஜன்னலை விட்டுத் திரும்பிப் பார்த்திருந்தார்.

திரும்பும் வழியில் அவர் வாயைத் திறக்கவில்லை. மனைவியும் கேட்கவில்லை. வீடு வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். திருந்திவிட்டார் என்றுதான் அந்த அம்மாள் நினைத்தார்.

திங்கட்கிழமை காலை தேநீர் வருவதற்குள், ஒரு மனிதனின் மனத்தைக் கூர்மையாக்குவதில் தோல்விக்கு நிகரான பயிற்சி வேறில்லை என்பதைப் புகார்ப் பிரிவு முழுவதும் கேட்டு முடித்திருந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். 'நான் எந்தக் கராத்தே வகுப்புக்குப் போனேன்?' என்கிறீர்கள். சரி, நடையைக் கைக்கடிகாரத்தில் எண்ணுகிறவரா? சர்க்கரையை விட்டவரா? விடியற்காலையில் எழுந்து, எழுந்த செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்புகிறவரா? அதுவும் இல்லையா? இந்த வம்பெல்லாம் எதுவும் இல்லாமல், கிடைத்ததைத் தின்று, நினைத்தபோது தூங்கி, நிம்மதியாக இருக்கிற ஆளா?

நல்லது. அதைப் போன வாரம் எத்தனை பேரிடம் சொன்னீர்கள்?