மைத்துனனின் டாக்கோமீட்டரைச் சோதித்த விவரம்

அன்பும் அவசரமும் நிறைந்த மைத்துனனுக்கு,

உன் அக்காளைக் கட்டிக்கொண்டு இருபத்தொன்பது வருடமாகியும் இன்னும் நிமிர்ந்து நடக்கும் உன் அத்தான் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் வலது கட்டைவிரலைத் தவிர. அங்கே நீயும் உன் வீட்டாரும், உங்களுக்கெல்லாம் மூத்தவளான உன் பழைய காரும் சுகம்தானே?

அந்தக் காரின் டாக்கோமீட்டர் இரண்டாயிரத்தைத் தாண்டினால் ஊசி காய்ச்சல்காரன் மாதிரி நடுங்குகிறது என்றும், வருகிற ஞாயிற்றுக்கிழமை பழைய கார் ஊர்வலத்தில் மீட்டர் ஓடாத வண்டியைச் சேர்க்க மாட்டார்கள் என்றும் நீ போனில் அழாத குறையாகச் சொன்னாய். உன் மெக்கானிக் மீட்டரைப் போட்டு அனுப்பிய பெட்டி செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. கல்லூரி ஆய்வகத்தில் முப்பது வருடம் உதவியாளனாக இருந்தவன் நான். காரில் மாட்டிப் பார்த்துச் சொல்வது பாமரன் வேலை. கழற்றி மேசையில் வைத்து, தெரிந்த வேகத்தில் சுற்றி, ஊசி அதையே காட்டுகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. மேசை என்றால் நம் வீட்டில் சாப்பாட்டு மேசைதான். இரண்டு அகராதிகளுக்கு நடுவில் மீட்டரை நிறுத்தினேன்.

உன் அக்காள் எட்டிப் பார்த்தாள். "என்ன கடிகாரம் இது? ஒரே ஒரு முள்ளுதான் இருக்கு."

"கடிகாரம் இல்லடி. என்ஜின் ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுன்னு காட்டும்."

"அது தெரிஞ்சு என்ன பண்ணுவான் என் தம்பி?"

இதற்கு விடை சொல்ல வேண்டியவன் நீ. உனக்குத் தெரிந்தால் தனியாக எழுது.

என்ஜினின் சுற்றை மீட்டருக்குக் கொண்டுபோகும் கேபிளும் பெட்டியில் இருந்தது. அதன் ஒரு முனையை மீட்டரிலும் மறுமுனையை டிரில்லிங் மெஷினின் வாயிலும் மாட்டினேன். டிரில் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ண வேண்டுமே? மாடி வீட்டு லிஃப்ட் மெக்கானிக்கிடம் அதற்கு ஒரு கருவி உண்டு. ஆள் கூப்பிட்டதும் வந்துவிட்டார். "டிரில் வாயில ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டுங்க சார். இது வெளிச்சம் அடிச்சு எண்ணிடும்" என்றார். ஒட்டினேன். அழுத்தினேன். டிரில் அலறியது, ஊசி அசையவில்லை. அழுத்திக்கொண்டே இருந்தேன். அசையவே இல்லை. மீட்டர் காலமாகிவிட்டது என்று அறிவித்து, உனக்குப் போன் போட எழுந்தேன். "திருப்பிச் சுத்திப் பாருங்க. என் தையல் மெஷினையும் தப்புப் பக்கம் சுத்துனா நூலைத்தான் அறுக்கும்" என்று சமையலறையிலிருந்து உன் அக்காள் குரல் வந்தது. பார்த்தால், காலையில் ஒரு திருகைக் கழற்றியதிலிருந்து டிரில் பின்பக்கமாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆய்வகத்தில் முப்பது வருடம் இருந்தேன் என்று மேலே எழுதியதை மாடிக்காரர் முன்னால் ஏற்கெனவே நாலு தடவை சொல்லியிருந்தேன், அதுதான் வருத்தம்.

திருப்பிப் போட்டேன். ஊசி எழுந்தது பார், குழந்தை முதல் அடி வைக்கிற மாதிரி! "ஆயிரம் சார்" என்றார் மாடிக்காரர். மீட்டர் இரண்டாயிரம் என்றது. "இரண்டு மடங்கு புளுகுதே!" என்று தலையில் கைவைத்தேன். அப்புறம்தான் முகப்பின் அடியில் எறும்பு எழுத்தில் '2:1' என்று இருந்ததைக் கண்டேன். என்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் கேபிள் ஒரு சுற்றுதான் சுற்றுமாம். அதைக் கணக்கில் வைத்துத்தான் எண்களைப் போட்டிருக்கிறார்கள். ஆக, சுத்தமான உண்மை. ஆயிரத்தைந்நூறு சுற்றினால் மூவாயிரம், இரண்டாயிரம் சுற்றினால் நாலாயிரம். நடுக்கமா? நாமம் போட்ட மாதிரி நேராக நிற்கிறது.

அந்த ஆனந்தத்தில் டிரில்லின் பக்கவாட்டில் இருக்கும் பூட்டுப் பொத்தானை என் கட்டைவிரல் அழுத்திவிட்டது. கையை எடுத்தாலும் மெஷின் நிற்கவில்லை. கேபிள் திமிறியது, மேசை விரிப்பைச் சுருட்டியது, விரிப்பு தட்டுகளை இழுத்தது, அகராதிகள் மீட்டரோடு விழுந்தன, மாடிக்காரர் நாற்காலி மேல் ஏறினார், நான் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு "ஆஃப், ஆஃப்" என்று கத்தினேன். உன் அக்காள் நிதானமாக வந்து பிளக்கைப் பிடுங்கினாள். "ஒரு சுவிட்சை நிறுத்தத் தெரியல, இதுல சுத்தை எண்ணுறாராம்."

மீட்டரின் கண்ணாடி போய்விட்டது. கவலைப்படாதே, ஒரு பிளாஸ்டிக் டப்பா மூடியை வெட்டிப் பொருத்திவிட்டேன். வளைந்த ஊசியை உன் அக்காளின் புருவம் பிடுங்கும் இடுக்கியால் நிமிர்த்தினேன். இப்போது ஒன்றும் சுற்றாதபோதும் எண்ணூறு காட்டுகிறது, அதைக் கழித்துக்கொள். முக்கியமான விஷயம் இதுதான்: மீட்டரில் ஒரு குறையும் இருந்ததில்லை. குறை உன் காரில், அல்லது அதை ஓட்டுகிறவனிடம். இருபது வருடமாக நான் சொல்லிவருவதை இன்று அறிவியல் நிரூபித்திருக்கிறது. மனம் கோணாமல் ஏற்றுக்கொள்.

நீயும் உன் காரும் கரும்புகை விடாமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
உன் அத்தான்.

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது உன் மெக்கானிக் போன் செய்தார். "சார், பெட்டி மாறிப்போச்சு. உங்க மச்சான் மீட்டர் இங்கதான் இருக்கு. கையில எடுத்தாலே உள்ள கடகடங்குது. உங்ககிட்ட வந்தது குத்துச்சண்டை வாத்தியாரோட மீட்டர். புத்தம் புதுசு மாதிரி ஓடும், தொட்டுடாதீங்க. ஞாயித்துக்கிழமை ஊர்வலத்துக்கு அவருக்கும் வேணுமாம், நேர்ல வந்து வாங்கிக்கிறேன்னு அப்பவே கிளம்பிட்டாரு." ஆகவே மேலே எழுதிய எதையும் படிக்காதே. உன்னைச் சொன்னதையெல்லாம் வாபஸ் வாங்குகிறேன். வாசலில் அழைப்பு மணி அடிக்கிறது. மெதுவாகத் தொடுகிற பழக்கம் உள்ளவர் இல்லை என்று மணிச் சத்தத்திலேயே தெரிகிறது.