தண்ணீர் ஆகாத விண்கல்

2025 செப்டம்பர் 13, சனி. காந்தத்தில் ஒட்டினால் விண்கல் என்று நான் சொன்னது தவறு. விண்கல் பெரும்பாலும் ஒட்டும். ஒட்டுவதெல்லாம் விண்கல் ஆகாது. இரும்பு உலைக் கசடும் ஒட்டும்.

குறிப்பேட்டில் இப்படி எழுதிவிட்டுச் சுகிர்தா அடிக்கோடும் போட்டாள். பகலில் அச்சகத்தில் தாள் அடுக்குபவள்; மாலையில் விருதுநகரில் வானியல் வகுப்பு. திருத்தங்கலில் விண்கல் சித்தர் போட்ட பந்தலில், ஊர் பார்க்க அவர் கல்லில் காந்தத்தை வைத்தவள் அவள்தான். ஒட்டியது. "படிச்ச புள்ளையே சொல்லிருச்சு" என்று சித்தர் அவளையும் விளம்பரத்தில் சேர்த்துக்கொண்டார்.

கல், மல்லாங்கிணறு மானாவாரிக் காட்டில் வானத்திலிருந்து விழுந்ததாம். சித்தர் திருநீறு தூவிக் கற்பூரம் ஏற்றினால் சுடர் பச்சையாக எரியும். ஆண்டு முழுக்கப் பச்சை வாணம் செய்கிற ஜனம் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பட்டாசுக் கம்பெனியில் எரிந்தால் மருந்து. பந்தலில் எரிந்தால் மகிமை.

கல் இருக்கும் இடத்தில் தீ அண்டாது, தண்ணீர் பட்டால் வீரியம் போய்விடும் என்பது சித்தர் வாக்கு. பட்டாசு முதலாளி செந்தூர்பாண்டி ஒரு துண்டை வாங்கிக் கலவை அறை வாசலில் கட்டினார். தீயை அணைக்க அங்கிருந்த தண்ணீர் வாளிகளை அப்புறப்படுத்தினார். அந்த அறையில் மருந்து கலப்பவன் சுகிர்தாவின் அண்ணன் அருள்பாண்டி.

ஞாயிறு காலை அண்ணனை இழுத்துக்கொண்டு பந்தலுக்குப் போனாள். முன்வரிசையில் முதலாளி.

"சாமி, இந்தக் கல்லு மேகத்தைத் தாண்டித்தான கீழ வந்துச்சு?"

"அதுல என்ன தாயி சந்தேகம்?"

"அங்கன நனைஞ்ச கல்லுக்கு இங்கன மட்டும் ஏன் தண்ணி ஆகலை?"

சித்தர் கண்ணை மூடினார். கூட்டத்திலிருந்து, கம்பெனியில் வேலை செய்யும் முருகேஸ்வரி குரல் கொடுத்தாள்: "எங்க வீட்டுக்காரருக்கும் தண்ணி ஆகாது சாமி. தீபாவளிக்கு மட்டுந்தான் குளிப்பாரு. அவரையும் வாசல்ல கட்டிருவமா?"

சிரிப்பு அடங்கியதும் முதலாளி தொண்டையைச் செருமினார். "கழுவித்தான் பாப்பமே. சாம்பிள் பாக்காம ஆர்டர் எடுப்பமா?"

அருள்பாண்டி கல்லைத் தேய்த்துக் கழுவித் துடைத்தான். திருநீறு தூவாமல் வைத்த கற்பூரம் வெறும் மஞ்சளாக எரிந்தது.

"கல்லு கோவிச்சுக்கிருச்சு" என்றார் சித்தர்.

சுகிர்தா எழுந்தாள். சித்தர் இதிலும் தப்பிவிட்டால்? பந்தல் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கல்லை எடுத்து, சித்தர் தட்டிலிருந்து ஒரு சிட்டிகைத் திருநீறு தூவி, கற்பூரம் ஏற்றினாள். செங்கல்லிலும் சுடர் பச்சையாக எரிந்தது.

"செங்கலும் வானத்துல இருந்தா விழுந்துச்சு?" என்றாள் முருகேஸ்வரி.

அருள்பாண்டி திருநீற்றை விரலில் தேய்த்துப் பார்த்தான். "ஏலே, இது நம்ம பச்சை வாண மருந்துலே. தினம் இதுலதான கெடக்கேன், தெரியாமப் போச்சே."

"கல்லு பூராம் குமிழி ஓட்டை" என்றாள் சுகிர்தா. "விண்கல்லு அநேகமா இப்படி இருக்காது. இது உலைக் கசடு."

சித்தர் பைக் நின்ற பக்கம் நகர்ந்தார். ஜனம் வழி விடவில்லை.

கையில் ஒட்டிய மருந்தையே அடையாளம் தெரியாதபடி கும்பிட்டவர்களே, அடுத்த கல் விழும்போதாவது கை குவிவதற்கு முன்னால் மூளை வேலை செய்யட்டும். கல்லுக்குக் கோபம் வராது, மருந்துக்கு வரும்.

அன்றைய குறிப்பின் கடைசி வரி: நாளை கலவை தொடங்குமுன் அண்ணனோடு போய்த் தண்ணீர் வாளிகளை நிரப்பி அறை வாசலில் வைக்க வேண்டும்.