தையல்காரர் வீட்டு ஸ்டென் கன்

"இன்னைக்கோட மூணு நாளு" என்றார் அழகுமலை, தையல் மிஷினை மிதித்தபடியே. "டீ குடிக்க வந்தவன் டீயைத்தானே பார்க்கணும்? நம்ம வாசலையே பார்க்குறான்."

அவர் மனைவி அமராவதி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். எதிர்த்த டீக்கடை பெஞ்சில் குடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார்.

"கறம்பக்குடி மாப்பிள்ளை வீட்டு ஆளாத்தான் இருக்கும். பொண்ணு கேட்டாச்சு, நாலு எடத்துல விசாரிக்காமலா இருப்பாங்க?"

"நெத்தியில எழுதி ஒட்டியிருக்கா? சி.ஐ.டி.யா இருந்தா?"

இருவரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தார்கள். அங்கே சிவப்பு வெல்வெட் உறைக்குள் ஒரு ஸ்டென் கன் தொங்கிக்கொண்டிருந்தது.

யுத்த காலத்தில் அழகுமலை பட்டாளத்துத் தையல்காரர். அந்தத் துப்பாக்கிக்குத் தோட்டாப் பை தைத்துத் தைத்தே விரல் காய்த்துப்போனவர். ஆனால் ஒருநாள்கூடத் துப்பாக்கியைத் தொட யாரும் விட்டதில்லை. மகள் கல்யாண வயதுக்கு வந்த பிறகும் அந்த ஆசை தீரவில்லை. போன வருஷம் திருச்சி மிலிட்டரிச் சாமான் ஏலத்தில் கொசுவலை வாங்கப் போனவர், ஸ்டென் கன்னோடு திருவரங்குளம் வந்து இறங்கினார். குழாயில் ஈயம் காய்ச்சி ஊற்றி அடைத்தது, சுடாது. அதற்கு முத்திரை போட்ட சீட்டும் உண்டு. இருந்தாலும் போலீஸ்காரர் சீட்டைப் படிப்பதற்கு முன்னால் ஆளைப் பிடிப்பார் என்பது அழகுமலையின் பயம்.

புதுக்கோட்டையில் ஒரு பாத்திரக் கடை மாடியில் 'பழைய ஆயுத அபிமானிகள் சங்கம்' கூடுவதைக் கேள்விப்பட்டு அதிலும் சேர்ந்தார். அங்கே பெயர் கேட்கக் கூடாது, ஊர் கேட்கக் கூடாது. அவையெல்லாம் செகரட்டரியின் நோட்டோடு சரி. மற்றவர்களுக்கு நம்பர்தான். துப்பாக்கியைக்கூட 'சாமான்' என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொருவரும் பக்கத்து நாற்காலிக்காரரைப் போலீஸ் என்று நினைத்துக்கொண்டே முறுக்கு தின்பார்கள். போன மாதம் பதினோராம் நம்பர் அழகுமலையின் ஸ்டென் கை மாறிக் கை மாறி ஒரு சுற்று வந்தது. திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தும் அவருக்குக் கால் வலிக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

இப்போது அந்தச் சந்தோஷமெல்லாம் பயமாக மாறியிருந்தது. மகள் செவந்திக்கு ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தன. இது கறம்பக்குடி ரைஸ் மில் சோலையப்பன் வீடு. தரகர் தானாகவே தேடிக்கொண்டு வந்த இடம். செவந்திக்கும் பையனைப் பிடித்துவிட்டது. போட்டோவைத் தினமும் நாலு தடவை துடைத்தாள்.

"சி.ஐ.டி.யோ சம்பந்தி வீடோ, யாரா இருந்தா என்ன? துப்பாக்கி வச்சிருக்கிற வீட்டுல எவன் பொண்ணு எடுப்பான்? கண்ணுல படாம வையிங்க" என்றாள் அமராவதி.

அழகுமலை பிடியைக் கழற்றி, துப்பாக்கியோடு சேர்த்து நீளமான இலவம்பஞ்சுத் தலையணைக்குள் வைத்து நெருக்கித் தைத்தார். கடைசி முடிச்சுப் போடும்போது வாசலில் குடை தெரிந்தது.

"ஒரு சட்டை தைக்கணுங்க" என்று அந்த மனிதர் உள்ளே வந்தார். பெயர் சந்தனம் என்றார். அளவு எடுக்கும்போது அவர் கண் சுவரில் இருந்த வெறும் ஆணியிலேயே நின்றது.

"ஒங்க வீட்டுல ஏதோ விசேஷமான சாமான் இருக்காமே?"

சாமான்! அழகுமலையின் கையிலிருந்து அளவு நாடா நழுவியது. சங்கத்து வார்த்தை சி.ஐ.டி. வரை போய்விட்டதா?

"இந்த மிஷினைத் தவிர இந்த வீட்டுல இரும்பே கெடையாதுங்க" என்றார்.

மாப்பிள்ளை வீட்டு ஆள்தான் என்று முடிவே கட்டிவிட்ட அமராவதி, விடாப்பிடியாக இலை போட்டு விருந்து வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் சந்தனத்துக்குக் கண் செருகியது.

"கொஞ்சம் தலையைச் சாய்ச்சிட்டுப் போறேனுங்க."

"இந்தாங்க" என்று செவந்தி ஓடிப்போய், புதிதாகத் தைத்திருந்த தலையணையை எடுத்து வந்து போட்டாள். அழகுமலை "அதில்லம்மா..." என்று வாய் திறப்பதற்குள் சந்தனம் சாய்ந்துவிட்டார். ணங்!

"என்னங்க இது?" என்று பின்மண்டையைத் தடவினார்.

"கழுத்து வலிங்க எனக்கு. இரும்பு வச்சுத் தைக்கச் சொல்லி வைத்தியர் சொன்னாரு."

"இப்பத்தானே இந்த வீட்டுல இரும்பே இல்லேன்னீங்க?" சந்தனம் தலையணையை விரலால் அழுத்திப் பார்க்க ஆரம்பித்தார். அழகுமலை அதைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார். சந்தனம் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். "நாளைக்கு வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அவர் தெரு திரும்பியதும் அழகுமலை தலையணையைப் பிரித்து, துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு முனியசாமியின் கொல்லுப்பட்டறைக்கு ஓடினார்.

"இதை நெருப்புல போட்டு வேற எதாச்சும் பண்ணிரு."

"என்னண்ணே இது?"

"பூச்சி மருந்து அடிக்கிற குழாய். கெட்டுப்போச்சு."

அவர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மாட்டுக்கு லாடம் அடிக்க வந்திருந்த நாகராசு துள்ளி எழுந்தார். "என் கடலைக் கொல்லை பூரா கம்பளிப்பூச்சி! முனியசாமி, இதைச் சரி பண்ணு. ஒரே ஒரு நாளு எனக்குக் குடுங்கண்ணே."

"அடைப்பு எடுத்தா வேலை செய்யும் போலருக்கே" என்று முனியசாமி குழாய்க்குள் கண்ணை விட்டார்.

கொஞ்ச நேரத்தில் பட்டறை வாசலில் ஆறு சம்சாரிகள் தங்கள் கொல்லைக்கு மருந்தடிக்க முறை வைத்து நின்றார்கள். தெருக்கோடியில் ஒரு குடையும் வருவது தெரிந்தது. அழகுமலை பாய்ந்து துப்பாக்கியைப் பிடுங்கினார். "இது விஷம்! கம்பெனிக்காரன் அழிக்கச் சொல்லிட்டான்!" என்று கத்திக்கொண்டே தன் கையாலேயே துப்பாக்கியை உலைக்குள் தள்ளினார். துருத்தி ஊத ஊத, அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"பொகைண்ணே, தள்ளி நில்லுங்க" என்றார் முனியசாமி.

புகை இல்லை. இத்தனை வருஷம் ஆசைப்பட்டு ஒரு வருஷம்கூட முழுசாக வைத்திருக்கவில்லையே என்ற துக்கம் அது. சாயங்காலம் ஸ்டென் கன் ஒரு பாதாளக்கரண்டியாகவும் இரண்டு தோசைத் திருப்பியாகவும் வீடு திரும்பியது. கிணற்றில் வாளி விழுந்தால் எடுக்க ஆயிற்று என்று அமராவதிக்குத் திருப்தி. அழகுமலை மனசைக் கல்லாக்கிக்கொண்டு, 'நோட்டில் பதினோராம் நம்பரை அடித்துவிடவும்' என்று சங்கத்துக்கு ஒரு கார்டும் எழுதிப் போட்டார். போகிற வழியில் டீக்கடையில் ஆரம்பித்துத் தெருக்கோடி வரை, யார் கேட்டாலும் தன்னைக் 'கத்தியைக் கண்டாலே மயங்கி விழுகிற ஆளு' என்று சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை சந்தனம் வந்தார். அழகுமலை நெஞ்சை நிமிர்த்தி வாசலில் நின்றார்.

"சந்தேகமா இருந்தா வீட்டைத் தொறந்து பார்த்துக்கங்க. அங்கிட்டு அடுப்படி, இங்கிட்டு நெல்லுக் குதிர்."

சந்தனம் நிஜமாகவே பார்த்தார். தலையணையை அமுக்கினார், குதிருக்குள் கை விட்டார், பரண்மேல் ஏறி இறங்கினார். ஒவ்வொரு இடமாகப் பார்க்கப் பார்க்க அவர் முகம் தொங்கிக்கொண்டே வந்தது.

"நெசமாவே இல்லீங்களா?"

"சத்தியமா இல்லை."

"தெருவுல விசாரிச்சேன். துப்பாக்கின்னு சொன்னாலே ஒங்களுக்குக் காய்ச்சல் வருமாமே?"

"குளிர் காய்ச்சல்!" என்றாள் அமராவதி பெருமையாக. "எங்க வீட்டுல துப்பாக்கி போட்ட காலண்டர்கூட மாட்டுனதில்லைங்க."

சந்தனம் பெருமூச்சு விட்டுக் குடையை எடுத்தார். அழகுமலைக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"நீங்க சி.ஐ.டி.தானே? உள்ளதைச் சொல்லுங்க."

"ஐயையோ, இல்லைங்க! நான் கறம்பக்குடி ரைஸ் மில் மேஸ்திரி. சம்பந்தம் விசாரிக்க எங்க முதலாளி அனுப்புனாரு."

அமராவதி புருஷனைப் பார்த்த பார்வையில் 'நான் சொன்னேனா இல்லையா' என்று இருந்தது. அழகுமலைக்கு உயிர் திரும்பி வந்தது. துப்பாக்கி போனால் போகட்டும், பிள்ளை கரையேறிவிட்டாள். கதவுக்குப் பின்னால் செவந்தியின் வளையல் குலுங்கியது.

"அப்பறம் எதுக்குங்க மொகம் வாடியிருக்கு? எங்க பொண்ணுகிட்ட ஏதும் கொறையா?"

"பொண்ணு தங்கமுங்க" என்றார் சந்தனம், படியிறங்கிக் குடையை விரித்தபடி. "ஆனா போன மாசம் சங்கத்துல ஒங்க ஸ்டென் கன்னைக் கையில வாங்கிப் பார்த்து, செகரட்டரிகிட்டக் கெஞ்சி வெலாசத்தையும் வாங்குனதுலேருந்து, பொண்ணு எடுத்தா அந்தத் துப்பாக்கி இருக்கிற வீட்டுலதான் எடுப்பேன்னு எங்க முதலாளி ஒத்தக் கால்ல நிக்கிறாருங்க."